எதுக்கும் ஒரு பிரிண்ட்

தாளில் வந்து விழுந்தால்தான் ஒரு விஷயம் நடந்தது என்று ஒப்புக்கொள்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் இரண்டு பேரையாவது தெரிந்திருக்கும். வெளியே மழை கொட்டினாலும் ஜன்னலை எட்டிப் பார்த்து நம்ப மாட்டார்கள்; யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் குடை எடுப்பார்கள். இவர்களுக்குத் தாள்பிடியர் என்று நானாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். எங்கும் தென்படுவார்கள் என்றாலும், கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் நகராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். முதல் மாடி. ஜெராக்ஸ் மெஷினுக்கு இடப்பக்கம்.

நம்ம ஆள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். தலைமை எழுத்தர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. அலுவலகத்துக்கு அவர் ‘எதுக்கும் சார்’. எந்தப் பேச்சையும் அவர் ஒரே மாதிரிதான் முடிப்பார். எதுக்கும் ஒரு பிரிண்ட் எடுத்து வெச்சுக்கங்க.

இனிமேல் காகிதக் கோப்பே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று மேலிடத்து உத்தரவு வந்த நாளில் மற்றவர்களெல்லாம் ஆடிப்போனார்கள். மனு வந்ததும் வாசலிலேயே ஒரு தடவை ஸ்கேன் செய்துவிட வேண்டுமாம், குறிப்பு எழுதுவது திரையிலாம், ஒப்புதலும் திரையிலாம், பட்டனைத் தட்டினால் அடுத்த மேசைக்குக் கோப்பு தானே போய்விடுமாம். எதுக்கும் சார் மட்டும் அசரவில்லை. மூன்று நாள் பயிற்சிக்கும் முதல் ஆளாகப் போய், முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். இதை எப்படி சார் பிரிண்ட் எடுக்கிறது? எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று பயிற்சி கொடுத்தவர் கால் மணி நேரம் விளக்கினார். சார் பொறுமையாகக் கேட்டார். டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் அதையே கேட்டார்.

மறுவாரமே அவருடைய சொந்த நடைமுறை அமலுக்கு வந்தது. கோப்பு திரைக்கு வரும். பிரிண்ட் எடுக்க வேண்டும். தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை ஸ்கேன் செய்து மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றி அடுத்த மேசைக்கு அனுப்ப வேண்டும். அடுத்த மேசைக்காரர் அந்த ஸ்கேனைத் திறந்து, அதைப் பிரிண்ட் எடுத்து, அதில் கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து, அதற்கடுத்த மேசைக்கு அனுப்புவார். காகிதமில்லா அலுவலகம் என்று வாசலில் பலகை மாட்டிய வருஷத்தில் காகிதம் இரண்டு மடங்கு வாங்கினார்கள். இத்தோடு விட்டாரா? சுற்றறிக்கை ஒன்றும் போட்டார்: அளவுகளைக் கையெழுத்துள்ள கடைசித் தாளில்தான் சரிபார்க்க வேண்டும், திரையில் தெரிவதை ஆதாரமாகக் கொள்ளலாகாது. அந்தச் சுற்றறிக்கைக்கு மூன்று பிரிண்ட். ஒன்று பீரோவில், ஒன்று மேசையில், ஒன்று வீட்டில் மெத்தைக்கு அடியில்.

முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு கோப்பு காணாமல் போய், பழி இவர் தலையில் விழுந்து, நாற்பது நாள் சஸ்பெண்டில் இருந்தார். யாரோ எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் கடைசியில் அவரைக் காப்பாற்றியது. அந்த நாற்பது நாளும் சோறு போட்டு, வெளியே தலைகாட்டக் கூசிய தம்பியைக் கையைப் பிடித்துக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனவள் அவருடைய அக்கா. அக்கா என்றால் மனிதருக்கு உயிர்.

அந்த அக்காவுக்கு இப்போது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குளியலறை மாடியில். பதினாலு படியையும் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக நகர்ந்து ஏறுகிறாள். கீழே குளியலறையோடு சின்னதாக ஒரு அறை கட்டிக்கொள்ளலாம் என்று வரைபடம் போட்டு மனுக் கொடுத்தாள். மேஸ்திரி தயார், செங்கல் வாசலில் இறங்கிவிட்டது, அனுமதி மட்டும்தான் பாக்கி. நான் இருக்கேன்ல என்றார் தம்பி.

இருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

ஊரார் வரைபடம் மூன்று மேசை சுற்றினால் போதும். அக்காவின் வரைபடத்துக்கு அது போதுமா? நாளைக்கு ஒருத்தன் நாக்கு மேல் பல்லைப் போட்டு ஏதாவது சொல்லிவிடக் கூடாது என்று, குடிநீர்ப் பிரிவிலும் சுகாதாரப் பிரிவிலும் கூடுதலாக ஒரு கையெழுத்து வாங்கி வைத்தார். ஆக ஐந்து மேசை. ஐந்து பிரிண்ட், ஐந்து ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனையும் தன் கண்ணாலேயே பார்த்து, கோணல் மாணல் இல்லாமல் ஏற்றச் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் திரையில் பொறியாளரின் குறிப்பு ஒரு வரி வந்து நின்றது. அறையின் அகலம் எட்டடி, விதிப்படி ஒன்பதடி வேண்டும், நிராகரிக்கலாம்.

சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. வரைபடம் போட்ட அன்றைக்குக் கூடவே நின்றவர் அவர். பத்தடி என்று தன் வாயாலேயே சொல்லிப் போட வைத்தவர். அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன். மேஸ்திரிக்கு வேறு வேலை வந்திருக்கிறது, சனிக்கிழமைக்குள் அனுமதி கைக்கு வராவிட்டால் திங்கட்கிழமை அங்கே போய்விடுவார், அப்புறம் மூணு மாசம் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்.

“ஆபீஸ்ல நீதான் எல்லாம்னு ஊர்பூரா சொல்லி வெச்சிருக்கேன்டா. இன்னும் மூணு மாசம் இந்தப் படியில ஏற முடியுமா என்னால?”

போனை வைத்த வேகத்தில் பொறியாளர் அறைக்குப் போனார். ஆறு மாதத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்த அம்மையார் அவர், அதிகம் பேசமாட்டார். சார் கத்தியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ஐந்து கையெழுத்துள்ள தாளை மேசைமேல் விரித்து, ஸ்கேலை எடுத்து வைத்தார். ஓர் அங்குலத்துக்கு நான்கடி என்பது கணக்கு. அறை சரியாக இரண்டு அங்குலம் இருந்தது. எழுத்தில் போட்டிருந்த அளவு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஐந்தாவது ஸ்கேனில் அது ஒரு நசுங்கிய எறும்பு.

அப்புறம் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கோப்பின் அடியில், வாசலில் முதல் நாள் ஏற்றிய அசல் வரைபடம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அறை இரண்டரை அங்குலம். பத்தடி. ஆபீஸ் பிரிண்டர் ஒவ்வொரு தடவையும் ஓரத்துக்கு இடம் விடுகிறேன் பேர்வழி என்று படத்தைக் கொஞ்சம் சுருக்கியே அடித்திருக்கிறது. மேசைக்கு மேசை அக்காவின் அறையைச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஊரார் அறை என்றால் மூன்று தடவை. இதை மட்டும், சொந்தத் தம்பி புண்ணியத்தில், ஐந்து தடவை.

“அப்ப இதைப் பார்த்து ஓகே பண்ணிடுங்க மேடம்.”

“எப்படி சார் பண்றது? திரையில இருக்கிறதை ஆதாரமா எடுக்கக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு.”

“யார் போட்டது அது?” என்று கேட்டுவிட்டார் சார், கோபத்தில்.

அம்மையார், சாரின் கையெழுத்து இருந்த அந்தச் சுற்றறிக்கையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அதை ரத்து செய்து இரண்டு வரி எழுதி அனுப்பினால் இன்றைக்கே முடித்துத் தருகிறேன் என்றார்.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார் மனிதர். இரண்டு வரிதான். ஆனால் அந்த இரண்டு வரி முப்பத்தொரு வருஷத்தையும் இழுத்துப் போட்டு மிதிக்கிற மாதிரி இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். படியில் பின்பக்கமாக நகர்ந்து ஏறுகிற அக்கா கண்முன் வந்தாள். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்: தாளில் உள்ள அளவு தவறு, திரையில் உள்ள அசலே சரி, என் சுற்றறிக்கை ரத்து செய்யப்படுகிறது. பட்டனைத் தட்டிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அரை மணியில் அனுமதி அக்காவின் போனுக்கே போய்விட்டது. போனில் காட்டினேன், மேஸ்திரி சரின்னுட்டார் என்றாள். தாள் கேட்கலையா என்று சார் இரண்டு தடவை கேட்டார். கேட்கவில்லையாம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. சாருக்குத்தான் கை சும்மா இருக்காதே. பீரோவைத் திறந்து, இந்த வருஷம் அகலம் போதாது என்று நிராகரித்த வரைபடங்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் அசலைத் தேடி, இரண்டிலும் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். பதினேழு. பதினேழிலும் அசல் சரியாக இருந்தது. அதில் ஒரு வெல்டர், என் வீடு எனக்குத் தெரியாதா சார் என்று இதே மேசைக்கு முன்னால் நின்று மன்றாடியவர். தாள் என்ன பொய்யா சொல்லும் என்று கேட்டு அனுப்பியது இவரேதான். அவர்களில் யாருக்கும் தலைமை எழுத்தராக ஒரு தம்பி இல்லை. சார் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, பியூன் வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் வெல்டரின் போன் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

உங்களுக்கு என்ன, நன்றாகச் சிரித்தீர்கள். படிக்கப் படிக்க உங்கள் ஆபீஸிலோ வீட்டிலோ இருக்கிற ஒருவர் முகம் வந்து வந்து போயிருக்கும். இதை அப்படியே ஒரு நகல் எடுத்து அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்று கைகூடப் பரபரக்கும். தாராளமாக எடுங்கள். ஆனால் எதுக்கும் இரண்டாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தீர்களே, அந்த இன்னொன்று யாருக்கு?