துரை முன்னால் விரித்த குடை

பதுளையில் எமனுக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரட்டுக் கங்காணிக்குப் பயப்படாதவரைப் பார்த்ததே இல்லை. நானும் பயந்தேன். இத்தனைக்கும் நான் வாத்தியார்!

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. டவுன் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கங்காணி, லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். அந்த வரிசைக்குத்தான் பெரட்டு என்று பெயர். ஒரே மகள் பொன்னுத்தாயி டவுனில் படிக்க வேண்டும் என்பதற்காக வேலையை உதறிவிட்டு வந்து, கடைவீதியில் ஒரு தேநீர்க் கடை போட்டார். வேலையைத்தான் விட்டார். பெரட்டை விடவில்லை.

விடிவதற்கு முன் தப்பு மேளத்தை எடுத்து முழக்குவார். தெருவே அலறிப் புடைத்துக்கொண்டு எழும். கோழிகள் கூவுவதை அடியோடு மறந்துவிட்டன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடை வாசலில் வரிசையாக வந்து நின்றால் போதாது, பெற்றவர்களும் பின்னால் நிற்க வேண்டும்.

"ஏம்மா, ஒம் மவன் வாய்ப்பாடு சொல்ல மாட்டேங்கிறான்?"

"வெளக்குல எண்ணெய் இல்லீங்க கங்காணியாரே. அதான் படிக்கல."

"இல்லன்னா எங்கிட்ட வந்து கேக்குறதுக்கு என்னா? அவனுக்கு அரைப்பேரு. ஒனக்கும் அரைப்பேரு. போ!"

தோட்டத்தில் ஒழுங்காக வேலை செய்தால் முழுப்பேர். குறைத்துச் செய்தால் அரைப்பேர், கூலியும் பாதிதான். டவுனில் இவர் யாருக்கும் கூலி கொடுக்கவில்லை. ஆனாலும் அரைப்பேர் வாங்கிய அம்மாக்கள் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு போவார்கள். சாயங்காலம் அந்த வீட்டுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்துவிடும், அது வேறு விஷயம். ஒரு நாள் மணியடித்த பிறகு நான் ஓடி வந்தேன். பள்ளிக்கூட வாசலில் நின்ற மனிதர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "வாத்தியாரையாவுக்கு அரைப்பேரு" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, சத்தியமாக.

அவருக்குப் பயப்படாதவர் இல்லை என்று சொன்னேன் அல்லவா? தப்பு. ஒருவர் இருந்தார். அவர் சம்சாரம் மீனாட்சி.

"இன்ஸ்பெக்டரு பரீட்சையில இவ பாஸானா படிக்கட்டும். பெயிலானா மறுநாளே எங்கண்ணன் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். கூடையை மாட்டிக்கிட்டுக் கொழுந்து எடுக்கட்டும். ஒங்க பேச்சைக் கேட்டு இங்க வந்தது போதும்."

என் காதுபடத்தான் சொன்னார். ஊரையே அதட்டிய மனிதர் தேநீர் ஆற்றப் போய்விட்டார். அடுத்த நாள் தப்புச் சத்தம் இன்னும் முன்னதாகவே கேட்டது.

பொன்னுத்தாயி பாஸாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரி. வினை வேறு ரூபத்தில் வந்தது. பரீட்சை எடுக்க வரும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைக்காரத் துரை என்று கங்காணிக்குத் தெரிந்துவிட்டது. துரையைப் பற்றித் தன்னைவிட யாருக்குத் தெரியும் என்று, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், கடைக்குப் பின்னால் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறார். துரை முன்னால் தலையைக் குனியணும். கண்ணைப் பார்க்கப்படாது. எது கேட்டாலும் "சரிங்க தொரை", அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

பரீட்சையன்று ஒரே மழை. துரை உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் தலையைத் தொங்கப் போட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் பையனைத் தமிழிலேயே கேட்டார்.

"உன் பெயர் என்ன?"

"சரிங்க தொரை."

"இலங்கையின் தலைநகரம் எது?"

"சரிங்க தொரை."

அடுத்தவனும் அதே. அதற்கடுத்தவனும் அதே. துரையின் முகம் சிவந்தது, தலைமை வாத்தியார் முகம் கறுத்தது. பொன்னுத்தாயியின் முறை வந்தது.

"மகாவலி எங்கே கடலில் சேருகிறது?"

அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "பதில் சொல்லும்மா" என்று கெஞ்சினேன். உதட்டைக் கடித்தாள். அப்பா சொல்லைத் தட்டமாட்டாள், பாவி மகள்! துரை பெயில் போடப் பேனாவை எடுத்தார்.

ஜன்னலுக்கு வெளியே கங்காணி நின்றார். கையில் குடை, ஆனால் மடக்கிய குடை. துரை கண்ணில் படுகிற இடத்தில் கூலிக்காரன் குடை பிடிக்கக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். மனிதர் தொப்பலாக நனைந்துகொண்டு மகளையே பார்த்தார். பேனாவையும் பார்த்தார்.

மடாரென்று குடை விரிந்தது. விரித்த குடையோடு, தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல், வகுப்புக்குள் நடந்து வந்தார். துரைக்கு நேரே நின்று, தலையை நிமிர்த்தி, அவர் கண்ணையே பார்த்தார். குடை வெடவெடவென்று ஆடி எங்கள் எல்லோர் மேலும் தண்ணீரைத் தெளித்தது.

"தாயி, அப்பன் சொன்னது தப்பு. இங்க பாரு, நான் பாக்குறேன், ஒண்ணும் ஆகல. நிமுந்து பாத்துச் சொல்லு!"

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு துரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"திருகோணமலைப் பக்கம் சேருதுங்க. நம்ம பதுளை ஆத்துத் தண்ணியும் அதுலதாங்க போகுது."

துரை குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யார் இது?" என்றார்.

"பொண்ணோட தகப்பனார்ங்க."

துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். முதல் பையனும் எழுந்து, மறுபடி கேட்கும்படி மன்றாடினான். அன்று வகுப்பே பாஸ்.

வெளியே வந்தால், கங்காணி படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரையா, தொரைக்குக் கண்ணு நீலங்க! இத்தனை வருசம் தொரைமாருகிட்ட வேல பாத்தேன், இன்னிக்குத்தாங்க பாத்தேன்."

"கங்காணியாரே, பொண்ணு பாஸ்."

"நெசமாவா? அப்ப அவ... அவ கொழுந்துக்குப் போக வேணாமா?"

"வேணாம். உங்களுக்கும் இன்னிக்கு முழுப்பேரு."

ஊருக்கே பேர் போட்ட மனிதர், தனக்கு ஒருவர் போட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மழை நிற்கிற வரைக்கும் நானும் அந்தக் கையை விடவில்லை.