நெட் சுத்துது என்று சபை பாடிய ஞாயிறு

கணினி வேலை தெரிந்தவன் வாயில் 'என்னால் வர முடியாது' என்ற சொல் லேசில் வராது. 'அதுக்கென்ன, நான் அங்கயிருந்தே செய்து தாறன்' என்றுதான் வரும். ஒரு ஆலயம் நிறைந்த சனத்துக்கு முன்னால் என் மானம் கப்பலேறியதற்கு இந்த ஒரு வசனம்தான் காரணம். சொன்னபோது எனக்கு இருபத்து நாலு வயது. மூளை வளர இன்னும் நாலைந்து வருடம் பாக்கியிருந்தது.

எங்கள் வாவிக்கரை ஆலயத்தில் பாட்டு வரிகளைத் திரையில் காட்ட ஒரு பழைய கணினி இருந்தது. விண்டோஸோடு அது முக்கி முனகி எழும்புவதற்குள் ஆராதனை பாதி முடிந்துவிடும். நான்தான் பெரிய மனது பண்ணி அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். "வைரஸ் வராது, சும்மா பறக்கும்" என்று வாலிபர் கூட்டத்தில் அரை மணி நேரம் முழங்கினேன். எல்லாம் உண்மைதான். நான் சொல்லாமல் விட்ட உண்மை, அன்றிலிருந்து அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது. (அது எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது. வேறு எதில் பெருமைப்பட? மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.)

பாடகர் குழுவை நடத்தியவர் என் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் கைதான் காற்றில் ஏறும், சபை பாடும். அந்த வருடம் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கொழும்பில் ஒப்பரேஷன் செய்ய நாள் குறித்துவிட்டார்கள். பேசக் குரல் இருக்கும், பாடக் குரல் இருக்குமென்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். பெரியம்மா அழவில்லை. காலமெல்லாம் மற்றவர்களின் பாட்டைச் சொல்லிக் கொடுத்தவர், வீட்டுக்குப் போய்த் தானே ஒரு பாட்டு எழுதினார். பல்லவி, மூன்று சரணம், மெட்டும் அவருடையதே.

"ஸ்தோத்திர ஞாயிறுக்குச் சபையோட சேந்து ஒருக்கா இதப் பாடிரணும் மனே," என்றார் என்னிடம். "மறுகா, ஒப்பரேஷனுக்குப் பிறகு, தொண்டை இரிக்கோ இல்லியோ, கர்த்தருக்குத்தான் தெரியும். எல்லாருக்கும் குடுக்க நூறு போட்டோகொப்பி எடுத்துத் தாறியா?"

"பேப்பரா? இந்தக் காலத்திலயா பெரியம்மா? திரையில பெரிய எழுத்தில போட்டுத் தாறன். கண் தெரியாத ஆக்களும் பாடுவாங்க."

அந்த ஞாயிறன்றுதான், ஊரிலிருந்து தொலைவில் இருக்கும் கதிரவெளியில் என் நண்பன் கடற்கரையோரம் ஒரு விருந்தினர் விடுதி திறந்தான். அங்கே கெமரா பூட்டி, கணினி இணைத்துக் கொடுக்கிறேன் என்று அவனிடமும் வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவன் சாதாரண மனிதன். நான் இரண்டையும் செய்வேன் என்றேன்.

"அங்கயிருந்து இஞ்ச எப்பிடி மனே ஏலும்?"

"என்ட லெப்டொப்பில இந்தக் கொம்பியூட்டர்ர திரை அப்பிடியே தெரியும் பெரியம்மா. அங்க நான் அமத்தினா இஞ்ச ஓடும்."

"நீ சொன்னாச் சரி," என்றார். அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த 'நீ சொன்னாச் சரி' இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் குத்தும்.

சனிக்கிழமை வீட்டிலிருந்து சோதித்தேன். ஆலயத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் மூன்று ஒழுங்கை தூரம். வெண்ணெய் மாதிரி ஓடியது.

ஞாயிறு காலை கதிரவெளியில் விடுதியெங்கும் அலைந்து பார்த்தேன். கைபேசியில் ஒரேயொரு கோடு சிக்னல், அதுவும் குசினிக்குப் பின்னால் கிணற்றடியில் மட்டும். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் குந்தினேன். லெப்டொப்புக்கும் அந்தக் கைபேசியிலிருந்துதான் இணைப்பு. அதே கைபேசியில் ஆராதனையின் நேரடி ஒளிபரப்பையும் காதில் மாட்டியிருந்தேன். லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் உறவுகளுக்காக ஆலயத்தில் யாரோ போடும் ஒளிபரப்பு அது. நடப்பது சில நொடி பிந்தித்தான் காதுக்கு வரும். ஆக, இருந்த ஒரு கோட்டையும் நானே கூறு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆலயக் கணினியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. உடனே விளங்கிவிட்டது. லினக்ஸ் போட்ட மேதை, சும்மா இருந்தால் கணினி உறங்கிவிடும் என்ற ஏற்பாட்டை நிறுத்த மறந்திருக்கிறார். பெரியம்மாவின் மகள் ஷாமினியக்காவைத்தான் கணினிக்குப் பக்கத்து வாங்கில் இருக்கச் சொல்லியிருந்தேன். அவளை அழைத்தேன்.

"அக்கா, கொம்பியூட்டர் நித்திரையாப் போயிட்டு. ஏதாவது ஒரு கீயைத் தட்டிவிடு."

"டேய், எல்லாரும் முழங்கால்ல நிக்கிறாங்க. ஐயா ஜெபம் பண்ணுறார். நான் எப்பிடி எழும்புற?"

"முழங்கால்லயே போ."

போனாள், பாவம். புதுச் சாறியோடு. (அந்தச் சாறியின் கதை வேறு. அதை அவள் வாயால் கேட்டால் இந்தக் கட்டுரை அச்சுக்கு வராது.)

என் திரையில் ஆலயக் கணினி தெரிந்தது. பெரியம்மாவின் பாட்டும் தெரிந்தது. ஆனால் பாட்டை மேலே தள்ளினால் அது நகரவில்லை. இங்கே நான் எதை அமத்தினாலும் அங்கே போய்ச் சேர ஒரு யுகம் எடுத்தது. இன்னும் ஒரு நிமிடம் கிடைத்தால் சரிக்கட்டிவிடலாம். எங்கள் போதகர் ஐயா தங்கமான மனிதர், ஜெபம் மட்டும் நீளம். அவர் ஜெபம் தொடங்கினால் வெளியே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து 'ஆமென்' சொல்லலாம். அந்த நம்பிக்கையில், திரும்ப அழைத்தால் அக்கா எடுக்கமாட்டாள் என்று, லெப்டொப்பில் திறந்திருந்த அரட்டைப் பெட்டியில் அவளுக்கு இப்படி எழுதினேன்:

'அக்கா நெட் சுத்துது. ஐயாவ இன்னும் கொஞ்சம் ஜெபிக்கச் சொல்லு. நீட்டி முழக்கிறது அவருக்குப் புதுசில்லத்தானே.'

போகவில்லை. எழுதியதைப் பிரதி எடுத்துத் திரும்ப ஒட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. மீண்டும் ஒட்டினேன். எரிச்சலில் மூன்றாம் முறையும் ஒட்டினேன்.

வாசகர்களில் விபரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பீர்கள். இடையில் ஆலயத் திரையைச் சொடுக்கிவிட்டு, திரும்ப அரட்டைப் பெட்டிக்கு வராமலே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இங்கே பிரதி எடுத்தது அங்கேயும் ஒட்டும் வசதியை நானேதான் செய்து வைத்திருந்தேன். பாட்டையும் ஒழுங்கான படக்காட்சியாகச் செய்யாமல், சோம்பலில் சாதாரணக் கோப்பில் எழுத்தை மட்டும் பெருப்பித்து வைத்திருந்தேன். மூன்று முறை ஒட்டியதும் பல்லவிக்குக் கீழே, முதலாம் சரணத்துக்கு மேலே, பளிச்சென்று போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு இது எதுவும் தெரியாது. காதில் ஐயா 'ஆமென்' என்றார். ஆர்மோனியம் எழுந்தது. பெரியம்மாவின் குரலோடு சபை பல்லவியைப் பாடியது:

'வாவிக்கரை மீதெம்மை வாழவைத்த தேவனே, வாழ்நாளெல்லாம் நன்றி.'

எனக்குக் கண் கலங்கியது. நம்மளும் ஒரு ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வரியும் அதே மெட்டில், அதே பக்தியோடு வந்தது.

'அக்கா... நெட் சுத்துது...'

எங்கள் சனத்தைக் குறை சொல்ல முடியாது. திரை வந்த நாளிலிருந்து பாட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டார்கள். திரையில் விழுவதைப் பாடுவார்கள், யோசிப்பதில்லை. அதோடு இது புதுப் பாட்டு, மெட்டை மட்டும்தான் முன்கூட்டிப் பழகியிருந்தார்கள், பாடகர் குழுவும் அப்படித்தான். பெரியம்மா படித்தவர், புதுமையாக எழுதியிருப்பார் என்று நினைத்திருப்பார்கள். 'ஐயாவ இன்னும் கொஞ்சம் ஜெபிக்கச் சொல்லு' கொஞ்சம் பக்தியாகத்தான் இருந்தது. அதை ஆண்கள் பக்கம் உரத்த குரலில் எடுத்தார்கள். 'நீட்டி முழக்கிறது' வந்தபோதுதான் பாதிப் பேர் நின்றார்கள். மீதிப் பேர் நிற்கவில்லை. மூன்று முறை எழுதியிருந்ததால் அதை அனுபல்லவி என்று நினைத்து மூன்று முறையும் பாடி முடித்தார்கள். பெரியம்மாவின் குரலும் அதில் கேட்டது!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மூன்று வரியை மட்டும் அழிக்கப் பொறுமை ஏது? முழுவதையும் தெரிவு செய்து அழித்தேன், கோப்பைத் திரும்பத் திறக்கலாம் என்று. அழிந்தது. உடனே கைபேசி பற்றரி செத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். வெள்ளைத் திரை. ஆர்மோனியம் நின்றுவிட்டது. யாருக்கும் சரணத்தில் ஒரு சொல் தெரியாது, யார் கையிலும் தாள் இல்லை. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது, பிறகு அதுவும் அடங்கியது. பெரியம்மா கையை இறக்கிவிட்டு, சபையைப் பார்த்துத் திரும்பி, மூன்று சரணத்தையும் தனியே பாடினார். கட்டி வந்த தொண்டை. மேல் சுரத்தில் உடைந்தது, நின்று மூச்செடுத்துத் திரும்ப அதே வரியை எடுத்தார். கடைசியில் ஐயா எழும்பி, "ஆண்டவரே நன்றி, ஆமென்," என்றார். அவருடைய ஊழியத்திலேயே குட்டையான ஜெபம் அதுதான். இன்றுவரை அவர் ஜெபங்கள் சுருக்கமாகத்தான் இருக்கின்றன. அதற்காக எனக்கு இரகசியமாகக் கைகொடுத்தவர்கள் உண்டு.

கெமராவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாமென்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பறந்தேன். பெரியம்மா சோறு தின்றுகொண்டிருந்தார். வாசலில் நின்று, "பெரியம்மா, சபையோட பாட வேணுமெண்டு ஆசைப்பட்டீங்க, நாசமாக்கிப்போட்டன்," என்று அழுதேவிட்டேன்.

"சபையோடதானே மனே பாடினன்," என்றார். "நெட் சுத்துதெண்டு." சொல்லி முடிக்கமுன் புரைக்கேறிவிட்டது. அவ்வளவு சிரிப்பு.

"அந்த வரிய நீங்க ஏன் பாடின?"

"சனம் பாடக்குள்ள நான் நிப்பாட்டினா, அதுகள் வெக்கப்பட்டுப் போகுங்கள்தானே."

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டி போனது, பாட்டும் போனது. இப்போது பெரியம்மா பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். அந்த ஒளிபரப்பின் பதிவுதான் அவர் பாடிய கடைசிப் பாட்டு. ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் குடும்பமே கூடியிருந்து அதைப் போடுவோம். அவர் தனியே பாடும் இடத்துக்குப் போக என் மூன்று வரியையும் தாண்டித்தான் போக வேண்டும். சிறுசுகள் எழும்பி நின்று, எனக்கு நேரே கை நீட்டி அதைப் பாடுவார்கள்.

ஒரு வருடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"பெரியம்மா, அந்தத் துண்ட வெட்டி எடுத்திரட்டா? ரெண்டு நிமிஷ வேலை."

அவர் என் சட்டையைப் பிடித்துக் கிட்ட இழுத்து, காதுக்குள் சொன்னார்.

"வெட்டாத மனே. அது இல்லாட்டி, இவ ஏன் தனியப் பாடுறாவெண்டு மறுகா வாற பிள்ளையளுக்கு எப்பிடி விளங்கும்?"