ட்ரையல் அங்கிளும் ரோட்ஸ் தீவும்

உலகத்தில் எந்தக் காரியத்தையும் முதல் தடவையாகச் செய்யாத ஒரே மனிதர் எங்கள் ட்ரையல் அங்கிள்தான். எதைச் செய்தாலும் அதற்கு முன்பே ஒரு தடவை செய்து பார்த்திருப்பார். கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு தலையணைக்குத் தாலி கட்டிப் பார்த்தாராம். "தலையணை ஆடாம இருந்துச்சாம், நான்தான் ஆடிட்டேனாம். இன்னிக்கும் கம்ப்ளெய்ண்ட் பண்றார்" என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ் ஊரில் ஒரே அபார்ட்மெண்டில் அவர் கீழே, நான் மாடியில். அவருக்கு வேலை, சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஆபீசில் சோதித்தது போதாமல் வீட்டுக்கு வந்து எங்களைச் சோதிப்பார். என் டிரைவிங் டெஸ்டுக்கு முன்னால் இந்தியன் ஸ்டோரில் இரண்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவே தள்ளுவண்டியை பேரலல் பார்க்கிங் செய்யவைத்தார். நான் ஃபெயில்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி, மகள் என்னை இன்ஜினியராக்கினார்கள். மேல்படிப்பு அமெரிக்காவில். இதைச் சொல்ல லிஃப்டில் பத்து நொடி கிடைத்தாலும் விடமாட்டேன். என்னோடு ஆறு மாதம் தங்க வந்த அம்மா, இந்தப் பெருமையில் எனக்கும் ஒரு படி மேலே. எதிலே சந்தேகம் வந்தாலும், "எம்பிள்ளைக்குத் தெரியாததா?" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அம்மா ஊருக்குத் திரும்பும் வழியில் இருவரும் கிரீஸ் நாட்டின் ரோட்ஸ் தீவில் ஒரு வாரம் தங்குவது, பிறகு அவர் மதுரைக்கு, நான் கலிஃபோர்னியாவுக்கு என்று திட்டம் போட்டேன். தீவின் பெருமையை விளக்கினேன்.

"அந்தக் காலத்துல துறைமுகத்துல ஒரு பிரம்மாண்ட சிலை இருந்துச்சும்மா. உலக அதிசயம்."

"இப்ப இருக்கா?"

"இல்ல. நிலநடுக்கத்துல விழுந்துருச்சு."

"அப்ப என்னத்தப் பாக்கப் போறோம்?"

"அது நின்ன இடத்த."

"எந்த எடம்?"

"அது யாருக்கும் சரியாத் தெரியாது."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "சரி, நீ சொன்னா இருக்கும்" என்றவர், கிரீஸ் போகும் செய்தியைக் கோவில்பட்டியில் முக்கால்வாசிப் பேருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

விஷயம் கீழே கசிந்தது. "டிக்கெட் நாளைக்குப் போடு. இன்னிக்கு ஒரு ட்ரையல் பாத்துடலாம்" என்றார் அங்கிள். தீவில் லிண்டோஸ் என்ற ஊரில் பழைய கோட்டைக்கு முந்நூறு படி ஏற வேண்டுமாம். அம்மாவுக்குப் புது ஷூ மாட்டி, கார் பார்க்கிங் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்க அனுப்பினார். கண்டாங்கிச் சேலையும் வெள்ளை ஷூவுமாக அம்மா போனார். "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு இமிக்ரேஷன் ட்ரையல். நான் திரும்பி வரும்போது கேள்வி கேட்கும் அமெரிக்க அதிகாரியாக, அங்கிள் மரத்தடி பெஞ்சில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் போனைப் பார்த்தபடியே ஒரு கையால் பாஸ்போர்ட்டை நீட்டினேன். பக்கங்களைப் புரட்டியவருக்கு அமெரிக்க உச்சரிப்பு சட்டென்று உதிர்ந்தது.

"ஏம்மா, விசா ஸ்டாம்ப் மார்ச்சுலயே முடிஞ்சு போச்சே?"

"எக்ஸ்டென்ஷன் அப்ரூவ் ஆயிடுச்சு அங்கிள். பேப்பர் இருக்கு."

"பேப்பர் இங்க இருக்கறதுக்கும்மா. வெளிய போயிட்டுத் திரும்ப உள்ள வர, புது ஸ்டாம்ப் வேணும். இல்லாட்டி வேலையும் போச்சு, நீ அந்தச் சிலை இருந்த எடத்துல போய் நின்னுக்க வேண்டியதுதான். நெக்ஸ்ட்!"

எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

இந்த விதி எங்கள் அபார்ட்மெண்டில் டேகேர் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தேதியை மட்டும் பார்க்கவில்லை. ஸ்டாம்புக்கு சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அப்பாயின்ட்மெண்ட் கிடைக்க மாதக்கணக்காகும். அம்மா கிளம்பவோ மூன்றே வாரம். தீவு கைவிட்டுப் போனது பெரிதில்லை. 'எம்பிள்ளைக்குத் தெரியாததா' போய்விடுமே!

"தீவை மூடிட்டாங்கன்னு சொல்லிடவா அங்கிள்?"

"முழுத் தீவையுமா?"

"மெயின்டனன்ஸ்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உண்மையச் சொல்லு. பயமா இருந்தா ட்ரையல் பாத்துக்கலாம்." தோளில் கிடந்த துண்டை முந்தானையாக இழுத்துச் செருகினார். "நான்தான் உங்க அம்மா. ஆரம்பி."

"அம்மா… நாம கிரீஸ் போகலம்மா."

"ஐயையோ! ஊரெல்லாம் சொல்லிட்டேனேடி! தேதி பாக்கத் தெரியாத நீ என்னடி பெரிய படிப்புப் படிச்சே?" மார்பில் அடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் வந்த தபால்காரர் பயந்து நின்றுவிட்டார். அங்கிள் என்னிடம் திரும்பி, "மசமசன்னு நிக்காத. ஒன்ஸ் மோர்."

ஆறு தடவை. நாலாவது தடவை நிஜமாகவே அழுதுவிட்டேன். "அழுகை ஓகே. ஆனா கொஞ்சம் சீக்கிரம் வந்துடுச்சு" என்றார்.

பிறகு படிக்கட்டுக்குப் போனேன். அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நெசமாவே தேதி பாக்காம விட்டுட்டியா?"

"ஆமாம்மா."

அம்மா சிரித்தார். சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. "ஆறு மாசமா ஒங்கிட்ட ஒரு வார்த்த பேசணும்னாலும் யோசிச்சு யோசிச்சுல்ல பேசுதேன். தப்பாச் சொல்லிட்டா திருத்துவியேன்னு. நீயும் மறக்குற ஆளுதானா? நல்லாருக்கு, போ!"

பிறகு காலை நீட்டி, "இந்தக் கயித்த அவுக்கத் தெரியல, அவுத்துவிடு" என்றார். ஷூவைக் கழற்றியதும் பேச ஆரம்பித்தவர், மூன்று வாரம், விமானநிலையம் வரைக்கும் நிறுத்தவில்லை. நான் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை.

படிக்கட்டில் உண்மையைச் சொன்ன மறுநாள் காலை அங்கிள் வாசலிலேயே காத்திருந்தார். "எப்படிப் போச்சு? நான் சொன்ன டயலாக்தானே சொன்னாங்க?"

அவர் பேசிக் காட்டிய வசனத்தில் ஒரு சொல்லைக்கூட அம்மா பேசவில்லை.

"அப்படியே அங்கிள். ஒரு வரி மாறல" என்றேன்.

அப்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காக, அந்தப் பொய்யை இன்னும் நூறு தடவை சொல்வேன். ட்ரையல்கூடப் பார்க்காமல்.