செல் பிரிவு நிறுத்தம்

நிர்வாகம் என்ற ஒன்று உலகில் தோன்றியதே எங்கள் மருத்துவமனையில் வந்து முழுமை பெறுவதற்காகத்தான். கூட்டக் குறிப்பு எழுதுபவன் என்பதால் தற்பெருமை என்று நினைத்துவிடாதீர்கள்.

நிணநீர்ப் புற்றுநோயோடு ஒரு பேருந்து ஓட்டுநர் படுத்திருந்தார். டாக்டரம்மா அவருக்கு ஒரு மருந்து கேட்டு எழுதினார். புற்று செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் தன் மரபுப் பாடம் முழுவதையும் நகலெடுக்க வேண்டுமாம். அதற்கு நியூக்ளியோடைடு என்னும் எழுத்துகள் மூட்டை மூட்டையாக வேண்டுமாம். இந்த மருந்து எழுத்து உற்பத்தியையே அடைத்துவிடும். ஆகவே, ‘செல் பிரிவை நிறுத்த உடனே ஆவன செய்க’ என்று நல்ல தமிழில் முடித்திருந்தார்.

வினை அங்கேதான் வந்தது. எங்களிடம் ‘செல் பிரிவு’ என்றே ஓர் அலுவலகம் உண்டு. ஊழியர்களின் கைப்பேசிகளைப் பராமரிப்பது அதன் பணி. மாடிப்படிக்கு அடியில் நடக்கிறது. ‘சார்ஜர்’ என்று நாங்கள் அன்போடு அழைக்கும் அதன் தலைவர் கொதித்துப்போய் வந்தார்.

“எங்க பிரிவ நிறுத்தச் சொல்ல அந்தம்மா யாரு? எங்க வயித்துல அடிக்கவா டாக்டருக்குப் படிச்சாங்க?”

நியாயம்தானே. நிர்வாக அதிகாரி உடனே குழு அமைத்தார். ‘இது அந்த செல் இல்லை’ என்று டாக்டரம்மா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். அந்த விளக்கத்தை ஆராய ஒரு துணைக்குழு. அதில் கருத்து வேறுபாடு வந்து, அது இரண்டாயிற்று. இரண்டும் கொழுத்து நான்காயின. எழுத்துக்குப் பஞ்சமேயில்லை, தாள் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. இப்படியொரு ‘வளர்ச்சி’யை என் அனுபவத்தில் கண்டதில்லை.

ஒரு நாள் ஓட்டுநரின் மனைவி கூட்ட அறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

“சார், கழுத்துக் கட்டி நாளுக்கு நாள் பெருசாகுது. அவருக்குத் தண்ணிகூட எறங்கல. மருந்து எப்ப வரும்?”

“உங்க விஷயமாத்தாம்மா ராப்பகலா உட்காந்திருக்கோம்” என்றார் அதிகாரி.

“உட்காந்தது போதும் சார். ஒரு கையெழுத்து போடுங்க.”

அவர் பேச்சிலிருந்த மரியாதைக் குறைவைக் குறிப்பில் சேர்த்தேன். சேர்க்கும்போது ஏனோ அந்த வரி மட்டும் கோணிப்போயிற்று. மின்விசிறி வேகமாக இருந்திருக்கலாம்.

கடைசியில் சரித்திரப் புகழ் வாய்ந்த முடிவு எட்டப்பட்டது. சார்ஜரின் பிரிவு நீடிக்கும், அதற்கு இன்னொரு நாற்காலியும் உண்டு. மருந்தும் வாங்கலாம். வாங்கினோம். மருந்து வார்டுக்குப் போனபோது டாக்டரம்மா வெறுங்கட்டிலின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

ஓட்டுநருக்கு மௌன அஞ்சலி செலுத்தலாம் என்றார் அதிகாரி. ஆட்சேபம் இல்லை, துணைக்குழு இல்லை. அந்தக் கணமே அத்தனை பேரும் வாயை மூடினோம். அந்த மனிதருக்காக நாங்கள் தாமதமில்லாமல் செய்தது அது ஒன்றைத்தான்.