நாற்பது பாக்கெட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடும்

மாட்டுங்கா, பம்பாய்-19
27-10-64, செவ்வாய் இரவு

அன்புள்ள ஜம்பு அண்ணாவுக்கு, ஷ்யாமளா அநேக நமஸ்காரம்.

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி ஒன்றேகால். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் கண்ணசந்தாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு எழுதுவதால் வரிகள் கோணலாகத்தான் போகும். இவ்விடம் எல்லோரும் க்ஷேமம். அவ்விடம் நீ, மன்னி, குழந்தைகள் க்ஷேமத்துக்கு எழுதவும். க்ஷேமம் என்று எழுதியது வழக்கத்துக்காக. நிஜத்தில் இவருடைய வேலை வருகிற சனிக்கிழமையோடு போய்விடும் போலிருக்கிறது. அதற்கு நீதான் காரணம்.

கோபித்துக்கொள்ளாமல் மேலே படி. சோப்புத்தூள் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் சேர்ந்த இவருக்கு இந்த மாதக் கடைசியோடு ஆறு மாதம் முடிகிறது. பர்மனென்ட் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது மானேஜர் கார்கானிஸ் கையில். இது தெரிந்ததும் நீ உன் மவுண்ட் ரோடு அனுபவத்தையெல்லாம் திரட்டி, ‘ஆபீஸில் முன்னுக்கு வரப் பதினோரு வழிகள்’ என்று ஒன்பது பக்கம் எழுதி அனுப்பினாயே, அதை இவர் தினம் ஸ்நானம் பண்ணிவிட்டுப் பாராயணம் பண்ணினார். முதல் வழி, எல்லோருக்கும் முன்னால் ஆபீஸில் இரு. விடியற்காலை லோக்கல் ரயிலைப் பிடித்துக் கோட்டைப் பக்கத்து ஆபீஸுக்குப் போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்தார். பெருக்க வந்தவன், வேலை கேட்டு வந்த ஆள் என்று நினைத்து, “ஜாகா காலி நஹீ பாபு, ஜாவ்”, இடம் காலியில்லை போ, என்று விரட்டியிருக்கிறான். இரண்டாவது வழி, எல்லோருக்கும் பின்னால் கிளம்பு. அன்று சாயங்காலம் அதே ஆள் இவரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். வீடு வந்து சேர்ந்தபோது ராத்திரி பத்தரை. அப்போதாவது உன் காகிதத்தை அடுப்பில் போட்டிருக்கலாம், போடவில்லையே!

உன் நாலாவது வழி என்ன? சரக்கு அந்தந்த வீட்டு அம்மாள் நம்புகிற கை வழியாக உள்ளே நுழைய வேண்டும். அஞ்சாவது வழி, மாதிரிச் சரக்குக்கு ஒன்று விடாமல் நம்பர் போடு. கம்பெனியில் இவரிடம் நாற்பது பாக்கெட் கொடுத்து, மாட்டுங்காவில் ஜனங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னார்கள். மஞ்சள் காகிதம், சிவப்பு ரிப்பன், மேலே ஒரு அன்னப்பறவை. சோப்பு என்பது மட்டும் அடியில் எறும்பு மாதிரி இங்கிலீஷில். அவ்வளவு லட்சணம்! நவராத்திரிக்கு எங்காத்துக் கொலு பார்க்க வந்த நாற்பது பேருக்கும் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துண்டோடு ஆளுக்கொரு பாக்கெட் போயிற்று.

சரஸ்வதி பூஜை ஆனதும் இவர் நோட்டும் பென்சிலுமாக மூன்று தெரு சுற்றினார். “மஞ்சள் பாக்கெட் உங்காத்துக்கு வந்துதா மாமி?” “வந்துதே!” “எப்படி இருந்தது?” “அம்சமா இருந்தது!” போகிற வீடெல்லாம் இதே பதில். நாங்கள் கொடுக்காத வீட்டில்கூட வந்தது என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. நல்ல சரக்கு வாயோடு வாயாகத் தானே பரவும் என்பது உன் ஏழாவது வழியல்லவா, பரவிவிட்டது என்று நினைத்தோம். ஒவ்வொரு பாக்கெட்டும் ஏறக்குறைய எட்டுக் குடும்பங்களைச் சென்றடைந்திருக்கிறது என்று ரிப்போர்ட் போயிற்று. கார்கானிஸ் இவர் முதுகில் தட்டிக்கொடுத்து, மாட்டுங்கா மார்க்கெட் கடைகளுக்கெல்லாம் ஒரு லாரிச் சரக்கை இறக்கிவிட்டார்.

ஒன்றுகூட விற்கவில்லை. மார்க்கெட் மூலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் தளவாய் அண்ணாச்சி, தாராவிக்காரர், திருநெல்வேலிப் பக்கம், போன வாரம் இவரை நடுத்தெருவில் நிறுத்தி, “என்ன சாமி, பெட்டி பெட்டியா எறக்கிட்டுப் போயிட்டீரு? கடையில எலி நெறைய கெடக்கு, அதுகூட மோந்து பாக்க மாட்டேங்கி. சாயந்தரத்துக்குள்ள தூக்கிட்டுப் போறீரா, இல்ல ரோட்டுல வைக்கட்டா?” என்று கேட்டாராம். இவர் அன்று ராத்திரி மோருஞ்சாதம்கூடச் சாப்பிடவில்லை.

விஷயம் நேற்றுத்தான் வெளிச்சமாயிற்று. மூன்றாம் மாடி செண்பகவல்லி மாமி பெண்ணுக்கு வளைகாப்பு. போய் வளையல் அடுக்கிக்கொண்டு, தாம்பூலம் வாங்கி வந்து பையைத் திறந்தால், மஞ்சள் பாக்கெட்! அடியில் என் கையெழுத்தில் பதினேழு. ரிப்பன் முடிச்சுக்கூட நான் போட்டது. மேலே மட்டும் யார் யார் கைக் குங்குமமோ, சந்தனமோ, அப்பிக் கிடக்கிறது. அப்படியே மாடிக்கு ஓடினேன்.

“மாமி, இதைப் பிரிக்கவே இல்லையா?”

“நன்னாருக்கே! தாம்பூலத்துல வந்ததைப் பிரிப்பாளாடி? அடுத்தாத்துக்குக் கொடுக்க வேண்டாமா? ரவிக்கைத் துணியை நீ தச்சா போட்டுக்கறே?”

“உள்ளே என்ன இருக்குன்னாவது தெரியுமா?”

“கல்கண்டுதானே?”

அண்ணா, நாற்பது பாக்கெட்டும் நவராத்திரியிலிருந்தே வீடு வீடாக ஊர்கோலம் போயிருக்கின்றன. எட்டுக் குடும்பத்தைச் சென்றடைந்தது முழு சத்தியம். சென்று, அடைந்து, மறுபடி கிளம்பிவிட்டது! இன்று பகலெல்லாம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக விசாரித்து முப்பத்தொன்று கண்டுபிடித்தேன். பாக்கி, விருந்தாளிகளோடு செம்பூருக்கும் தாதருக்கும் போய்விட்டது. ஒன்று உல்லாஸ்நகர் வரை போயிருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் பிரித்தவள் ஒருத்திதான். அவளும் கோலமாவு என்று நினைத்து வாசலில் கோலம் போட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்ததும் படியெல்லாம் நுரை பொங்கி, பால்கார பய்யா கேனோடு வழுக்கி, “யே க்யா லகாயா, மாயீ!”, இது என்னத்தைப் பூசி வைத்தாய் அம்மா, என்று கத்திக்கொண்டே கீழ்த்தளத்தில் போய் நின்றானாம்.

சனிக்கிழமை கார்கானிஸ் போட்டோகிராபரோடு நேரில் வருகிறார். பத்து வீட்டில் ஏறி, துணி எப்படி வெளுத்தது என்று பெண்களைக் கேட்கப் போகிறார். கேட்கட்டும். மாமிகள் கல்கண்டு என்பார்கள். வேலை போனால் இந்த ஊரில் குழந்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? உன் பதினோரு வழியில் இதற்கு ஒரு வழி இருக்கிறதா என்று மூன்று தடவை படித்தேன். இல்லை. இனி என் வீட்டுக்காரருக்கு ஒரு வழியும் எழுதாதே. உன் வழியில் நடந்துதான் இந்த கதி.

மன்னிக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அவர்களாவது பெரியவர்களாகி ஏதாவது சர்க்கார் ஆபீஸில் ஓரமாக உட்கார்ந்து நிம்மதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை ஷ்யாமளா

பி.கு. உறையில் போட எடுத்தேன், மனசு கேட்கவில்லை. உன் காகிதத்தில் தாம்பூலம் என்று ஒரு வார்த்தை கிடையாது. இவர் சலவைக்காரர்களிடம்தான் கொடுக்கப்போனார். நான்தான், “உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கொலுவுக்கு வரவாகிட்ட கொடுத்தா மாட்டுங்கா பூராப் பேசும்” என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டில் இவர் ‘கொடுத்தது நாற்பது’ என்றுதான் எழுதினார். அதை அடித்துவிட்டு எட்டுக் குடும்பம் என்று அழகான இங்கிலீஷில் எழுதியது நான், பி.ஏ. படித்தவள். எழுதும்போதே எனக்கு லேசாக உறுத்தியது. நான் கொடுத்த ரவிக்கைத் துண்டுகள் நாற்பதும் போன வருஷம் எனக்கு வந்தவைதானே! இன்று இவர் கார்கானிஸ் ரூமுக்குப் போய், “பாக்கெட் கொடுத்த விதம், ரிப்போர்ட், எல்லாம் என் யோசனை சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். என் பேரை எடுக்கவே இல்லை. இப்போது எழுந்து வந்து என் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, “நீ படு” என்றார். சனிக்கிழமை நானே கார்கானிஸிடம் உள்ளதைச் சொல்லட்டுமா? அது இவருக்குக் கௌரவக் குறைச்சலா? எனக்குப் புரியவில்லை அண்ணா. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.