பட்டைக்குக் கீழே பச்சை

"செத்த மரத்தை வசந்தத்துக்கு முன்னாடி எடுத்துட்டாத்தான் புதுக் கன்னு வைக்க முடியும் சார்," என்றார் தோட்டக் கம்பெனி மேற்பார்வையாளர் அம்மா, இலையில்லாமல் நின்ற மரத்தைக் காட்டி. "பட்டையை லேசா சுரண்டிப் பாருங்க. உள்ளே பச்சை இருந்தா உயிர் இருக்கு. நாளைக்கு ஆளோட வர்றேன்."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். வளாகத்தில் வேறு எந்த மரம் போனாலும் கவலையில்லை. இதைத்தான் அவர் மனைவி தினமும் சாயங்காலம் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. கேட்காமலே புரிந்துகொள்கிற புருஷன் என்று தன்னைப் பற்றி ஒரு நினைப்பு.

நகத்தால் சுரண்டினார். பச்சை.

"ஒரு இடத்துல இருந்தா போதுமா?" பின்னால் குரல் கேட்டது. கீழ்வீட்டுக்காரர். எந்தத் தீர்மானம் வந்தாலும் எதிர்ப்பதால் அவருக்கு 'ஆட்சேபணை' என்று பெயர்.

"நீங்களே பாருங்களேன்."

ஆட்சேபணை கார் சாவியால் சுரண்டினார். "இந்தப் பக்கம் சரி. அந்தப் பக்கம்?"

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். "என்ன பாக்கறீங்க?"

"உயிர் இருக்கான்னு."

"நகருங்க, நான் பாக்கறேன்."

தகவல் மாடிமாடியாக ஏறியது. ஹேர்பின்னோடு ஒருத்தி இறங்கி வந்தாள். ஒருவர் உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியோடு வந்தார். அடுத்தவர் சொன்னதை நம்புகிற வழக்கம் அந்த வளாகத்தில் இல்லை.

பயந்துபோன செயலாளர் மரத்தைச் சாக்கால் சுற்றிக் கட்டினார். கட்டியதும், பார்க்காமல் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள்.

"உள்ளே என்ன சார் வெச்சிருக்கீங்க?"

"மரம்தான்."

"மரத்தை எதுக்கு மறைக்கணும்?"

அவிழ்த்துப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. செயலாளர் மறுபடி சாக்கைக் கட்டி, 'தொடாதீர்கள்' என்று அட்டை மாட்டினார். மாட்டியதும் பக்கத்து பிளாக்கிலிருந்தும் வந்தார்கள்.

மறுநாள் மேற்பார்வையாளர் அம்மா சாக்கைப் பிரித்தார். நின்றபடி கைக்கு எட்டுகிற உயரம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த உயரத்தில் மரம் சுற்றிவர மொழுமொழுவென்று உரிந்திருந்தது, ஒட்டியாணம் கட்டியதுபோல.

"உயிர் இருந்துச்சா?" என்றார் ஆட்சேபணை, ஆர்வமாக.

"நேத்து வரைக்கும் நல்லாவே இருந்துச்சு," என்றார் மேற்பார்வையாளர் அம்மா. "பட்டை வழியாத்தான் வேருக்குச் சாப்பாடு போகும். இப்படிச் சுத்தி உரிச்சா பிழைக்காது. எடுத்துட வேண்டியதுதான்."

கூட்டம் கலைந்தது. செயலாளர் மட்டும் நின்றார். அண்ணாந்து பால்கனியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"வீட்டுல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இதைச் சொல்றது?" என்றார் பக்கத்தில் நின்ற வாட்ச்மேனிடம்.

"தைரியமா சொல்லுங்க சார். இலை விட்டா பால்கனியிலேர்ந்து கேட் தெரியல, நீங்க வர்றதைப் பாத்து டீ போட முடியலன்னு உங்க வீட்டு அக்கா போன வருஷமே இதை வெட்டித் தரச் சொல்லி என்கிட்ட கேட்டாங்க."