உங்கள் மகளின் வகுப்பை உடனே நிறுத்துவது குறித்து

சேசு மரி சூசை துணை

ஆவூர்.

பேரன்புள்ள மச்சான் பால்ராஜ் அவர்களுக்கு, தைரியநாதன் எழுதுவது. திருச்சியில் நீங்களும் ரீட்டாவும் சுகமாய் இருக்க மாதாவை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, என் இடுப்பு விடமாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் உங்கள் தங்கை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

உங்கள் மகள் சோபியா, பெங்களூர் கம்பெனி வேலையை எங்கள் வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று வந்தபோது வாயார வரவேற்றவன் நான். வேலையை மட்டும் பார்த்தாளா? கப்போய்ராவாம், பிரேசில் நாட்டுச் சண்டையாம், சாயந்திரம் ஆனால் கோயில் மன்றத்தில் வகுப்பு. சண்டை என்றால் அடி விழ வேண்டாமா? ஒருவர் காலைச் சுழற்றுகிறார், எதிரே இருப்பவர் குனிந்துகொள்கிறார், யார் மேலும் படுவதில்லை. சுற்றி நிற்பவர்கள் பாடிக் கைதட்டுகிறார்கள். சுரைக்குடுக்கை கட்டிய ஒரு வில்லை டொய்ங் டொய்ங் என்று தட்டுகிறார்கள். இதையும் பொறுத்தேன் மச்சான். ஆனால் தலைகீழாய் நடக்கிற சோபியாவும், நேற்றுச் சேர்ந்து காலை முன்னும் பின்னும் வைக்கவே தடுமாறுகிறவர்களும் ஒரே வட்டத்திலா? சர்வீஸ் முழுக்க பி.டி. மாஸ்டராய் இருந்தவன் நான். ஆறாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் விட்டதுண்டா? கேட்டால், "தெரியாதவங்களோட ஆடுனாத்தான் மாமா, தெரிஞ்சவங்களுக்கு நிதானம் வரும். எனக்கே இன்னும் பாதிதான் தெரியும்" என்கிறாள். பாதி தெரிந்தவள் வகுப்பு எடுக்கலாமா?

முதல் ஆளாய்ச் சேர்ந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? முழங்கால் வலி என்று என் தோளைப் பிடித்துக்கொண்டே கோயில் படி இறங்கிய உங்கள் தங்கை மரிய செல்விதான். இப்போது பூசை முடிந்ததும் விறுவிறுவென்று இறங்கிப் போய்விடுகிறாள். நான் தோளைக் கொடுக்கத் தயாராய்ப் படியில் நிற்கிறேன், ஊரே பார்க்கிறது. எனக்கு எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை நேரே போய் விசிலை ஊதினேன், புதியவர்கள் இங்கிட்டு, தேறியவர்கள் அங்கிட்டு என்று பிரிக்கலாமென்று. அதையும் ஒரு வாத்தியமாய் எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாய்த் தட்டினார்கள். சரி, ஒழுங்கு என்றால் என்னவென்று ஆடியே காட்டுவோம் என்று வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கினேன். எதிரே வந்து நின்றது மரிய செல்வி. "பயப்படாதீங்க, மெதுவாத்தான் ஆடுவேன்" என்றாள். காலைச் சுழற்றினாள். நான் குனியவில்லை, பி.டி. மாஸ்டர் குனிவதா? அவள் கால் என் மேல் படவே இல்லை. நானாகவே பின்னால் சாய்ந்து பொத்தென்று உட்கார்ந்தேன். பாட்டை நிறுத்தாமலே எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகவே நீங்கள் உடனே வந்து மகளை அழைத்துப் போக வேண்டும். வகுப்பு நிற்க வேண்டும். மாதாவின் நிழல் உங்கள் வீட்டின் மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இடுப்பொடிந்த உங்கள் மைத்துனன்,
தைரியநாதன்,
உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

பி.கு.: ராத்திரி தைலம் தேய்க்கும்போது மரிய செல்வி சொன்னாள்: "விழுறதுதாங்க மொத பாடம். ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்தாத்தான் எனக்கு அடுத்தது வருமாம், சோபியா சொல்றா. நாளைக்கும் வாங்க." மகளை அழைக்க வரவேண்டாம் மச்சான். சும்மா வருவதானால், அங்கே எல்லோரும் போடுகிற மாதிரி என் அளவுக்கு ஒரு வெள்ளைக் கால்சட்டை வாங்கி வாருங்கள், வேட்டி சரிப்படவில்லை. ஆட்டம் தொடங்குமுன் எதிரே நிற்பவரின் கையைப் பிடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டமாம்.